வேறொருத்தியின் நஞ்சுக்கொடி

எவரிஸ்டாவுக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றவள் பசிலியா. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதில் இஷ்டம் இல்லை. மாமியார் நெமெசியா பெற்றதெல்லாம் அடுப்பங்கரையில், ஆட்டுத்தோல் விரித்து. கொழுந்தன் சிப்ரியானோ அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவன் பெண்டாட்டி எவரிஸ்டா சின்னப் பெண், பயந்த சுபாவம், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள்.

பசிலியா கலாபம்பா ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ். அவள் புருஷன் ரெமிஹியோ, வீட்டுக்கு மூத்தவன், சுரங்கத்துக்குள் செத்துப்போனான். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறையும் கிழங்கு போட இரண்டு துண்டு நிலமும் விட்டுவைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத விதவைக்கு அந்த மேட்டு நிலத்தில் அதுவே பெரிய காரியம். ஆனால் மாமியார் மனம் வைத்திருக்கிற வரைக்கும்தான். ஊர்ச்சபையில் போய் முறையிட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"நீ உள்ள இருப்பேல்லா?" என்று கேட்டாள் நெமெசியா.

"இருப்பேன் அத்தை."

"கண்ட கண்ட பயலுவ கைய வைக்க விட மாட்டேல்லா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கிழவி சம்மதித்தாள். கெட்டதும் அதனால்தான்.

கலாபம்பாவில் பிள்ளை பிறக்கும்போது புருஷன்காரன் பிரசவ அறை வாசலில் மண்சட்டியோடு நிற்பான். நஞ்சுக்கொடியை வாங்கி, வெந்நீரில் ரத்தம் போகக் கழுவி, கோக்கா இலை வைத்துக் கம்பளி நூலால் கட்டி, வீட்டு மூலையில் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் புதைக்க வேண்டும். அதை நாய் வாய் வைத்தாலோ நெருப்பில் போட்டாலோ தாய்க்கு ஆகாது, பிள்ளையும் தங்காது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதற்கு வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, கடைசியில் அலுத்துப்போய், கேட்கிறவர்களுக்குக் கொடுத்துத் தொலைப்போம் என்று வழிக்கு வந்திருந்தார்கள். வாசலில் சட்டியோடு ஆள் நின்றால் கொடுப்பார்கள். நிற்காவிட்டால் சிவப்புப் பை, பின்கட்டுச் சூளை.

சிப்ரியானோ அன்றைக்குச் சட்டியோடு நிற்கவில்லை. மதினி உள்ளே இருக்கும்போது நாம் வேறு எதற்கு வாசலில் காவல் என்று, பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க ஆட்டுக்கறி வாங்கச் சந்தைக்குப் போய்விட்டான். நம்ம ஆள் உள்ளே இருந்தால் எவனும் செய்கிற தப்புதான் இது.

பிள்ளை காலையில் நல்லபடியாக வந்தது. ஆண். நஞ்சுக்கொடியும் தானாக வந்தது. அதற்குப் பின்னால் ரத்தம் வந்தது. டாக்டர் மொந்தெரோ படிப்பு முடித்ததும் கிராமத்தில் செய்ய வேண்டிய கட்டாயச் சேவைக்காக நகரத்திலிருந்து வந்திருந்த இளைஞர். அவர் முகமே வெளுத்துவிட்டது. ஊசி போட்டார்கள், அடிவயிற்றைப் பிசைந்தார்கள், இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். பசிலியாவின் முழங்கை வரை ரத்தம். தட்டில் கிடந்த நஞ்சுக்கொடி இடைஞ்சலாக இருந்தது. அவள் கை அதை எடுத்துச் சிவப்புப் பையில் போட்டது. தினம் செய்கிற வேலை, கைக்குத் தெரியும். மனசு எவரிஸ்டாவின் நாடியில் இருந்தது.

உச்சிவெயிலில் ரத்தம் நின்றது. பசிலியா கை கழுவிவிட்டு வெளியே வந்து ஒரு வாய் தேநீர் குடித்தாள். பின்கட்டுச் சூளையில் புகை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தட்டில் கிடந்த நஞ்சுக்கொடி நினைவுக்கு வந்தது. ஓடிப்போனாள்.

"காலம்பற போட்ட பைய எரிச்சாச்சா?" என்று துப்புரவுக்கார ஃபுல்ஹென்சியோவைக் கேட்டாள்.

"அப்பவே. என்ன, கத்திரிக்கோல கித்திரிக்கோலப் போட்டுட்டியா?"

"ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது நெமெசியா வார்டில் கட்டில் ஓரமாக நின்றிருந்தாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கட்டி அது?"

"எது அத்தை?"

"எதுவா. நீ என்ன சீமைக்காரியா, எதுன்னு கேக்க? நஞ்சுக்கொடி எங்கன்னு கேக்கேன்."

"உள்ள இருக்கு. டாக்டர் பாத்துட்டுத் தருவாரு."

"அவன் அதுல என்னத்தப் பாக்கப் போறான்? அவனா பெத்தான்? ஏட்டி, பொழுது சாயுததுக்குள்ள அது மண்ணுக்குள்ள போயிரணும். இல்லன்னா இவளக் கொண்டுட்டுப் போறேன். லாரி வாசல்லதான் நிக்கி."

டாக்டர் குறுக்கே வந்தார். "அம்மா, இப்ப அசைச்சா மறுபடி ரத்தம் போகும். போச்சுன்னா நிறுத்துறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"செத்தா எங்க வீட்டுல சாவட்டும். நஞ்சுக்கொடி இல்லாத கட்டில்ல இவளப் போட்டுட்டுப் போவ மாட்டேன்."

எவரிஸ்டாவும் சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். "வீட்டுக்குப் போறேன் யக்கா" என்று அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பசிலியா பின்கட்டுக்குப் போனாள். சூளை அணைந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் பெற்ற ஒருத்தியின் பை மறுநாளைக்காக மூலையில் கிடந்தது. அவள் உப்பளத்துப் பக்கமிருந்து வந்த, பழைய சடங்கெல்லாம் விட்டுவிட்ட ஜெபச் சபைக்காரப் பெண். "எங்க சபையில அதெல்லாம் பாக்குறதில்ல, போட்டுருங்க" என்று சொல்லியிருந்தாள். பசிலியா பையை அவிழ்த்தாள். நஞ்சுக்கொடியை எடுத்துக் கழுவினாள். சமையற்கட்டில் ஒரு சட்டி வாங்கி அதில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள்.

கிழவி துணியை விலக்கிப் பார்த்தாள். "நல்ல கெட்டியா இருக்கு" என்றாள். லாரிக்காரனைத் தனியே போகச் சொல்லிவிட்டார்கள். எவரிஸ்டா பிழைத்தாள்.

பிள்ளைக்கு அனிசேத்தோ என்று பெயர் வைத்தார்கள். கொழுகொழுவென்று வளர்ந்தது. வீட்டில் பசிலியாவுக்கு மவுசு கூடிவிட்டது. "எங்க மூத்தவ இல்லன்னா இவ போயிருப்பா" என்று நெமெசியா சந்தையில் பெருமை பேசினாள். பசிலியா மட்டும் அதைப் புதைத்த வீட்டு மூலையைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. தப்பு செய்கிறவர்கள் கல் மாதிரி இருக்க வேண்டும், இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மழை ஓய்ந்த சமயத்தில் தலைநகரத்திலிருந்து கிராசியெலா என்று ஓர் அம்மாள் வந்தாள். ஆஸ்பத்திரி வேலையில் மனசை அறுக்கிற விஷயங்களை ஊழியர்கள் உட்கார்ந்து பேசி யோசிக்கப் பழக்குவதற்காம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி வேறு. துப்புரவுக்காரனுக்கு மனசாட்சி கிடையாது என்று நினைத்தார்களோ என்னவோ, ஃபுல்ஹென்சியோவைக் கூப்பிடவில்லை.

"இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டாது" என்றாள் கிராசியெலா. "இங்க யாரும் யாரையும் தப்பு சொல்லப் போறதில்ல."

டாக்டர் ஒரு சுரங்கக்காரனிடம் அவன் நுரையீரல் போய்விட்டதைச் சொல்லத் தயங்கிய கதையைச் சொன்னார். மருந்துக்காரி ஏதோ சப்பையாக ஒன்று சொன்னாள். எல்லாம் தனக்குச் சேதாரம் வராத கதைகள். பசிலியாவுக்கு அந்த சாமர்த்தியம் வரவில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"ரொம்ப நல்ல விஷயத்தக் கொண்டுவந்திருக்கீங்க" என்றாள் கிராசியெலா. நிஜமாகவே அவள் முகம் மலர்ந்திருந்தது. "அந்த நிமிஷத்துல நீங்க எதை முக்கியம்னு நெனச்சீங்க?"

"அவ சாகக் கூடாதுன்னு நெனச்சேன்."

"சரி. ஆனா உண்மையத் தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கில்ல?"

"இருக்கு மேடம். சொல்லியிருந்தா லாரில ஏத்தியிருப்பாங்க. நான் என்ன செஞ்சிருக்கணும்? அதச் சொல்லுங்க."

"பதில் சொல்றதுக்கு நாம இங்க கூடல பசிலியா. யோசிக்கிறதுக்குக் கூடியிருக்கோம்."

சாப்பாட்டு நேரம் வரைக்கும் யோசித்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பசிலியாவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது.

கிராசியெலா ஊருக்குப் போகுமுன் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பெண்கள் கூட்டம் வைத்தாள். ஆஸ்பத்திரி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வரவேண்டுமாம். அவள் ஸ்பானிய மொழியில் பேசப் பேச, பசிலியா பக்கத்தில் நின்று ஊர்ப் பாஷையான அய்மாராவில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் வரிசையில் நெமெசியா கோக்கா இலையை மென்றபடி இருந்தாள், பக்கத்தில் எவரிஸ்டா பிள்ளையோடு.

"நாங்களும் தப்பு செய்றோம். தப்ப மறைக்காம உக்காந்து யோசிக்கிறோம்" என்றாள் கிராசியெலா. "பேர் சொல்ல மாட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில உதவி நர்ஸ் ஒருத்தங்க, தன் சொந்த ஓரகத்திக்கே வேற ஒரு பொண்ணோட நஞ்சுக்கொடியக் கொடுக்க வேண்டி வந்துச்சு."

பசிலியா அய்மாராவில் சொல்வதை விட்டுவிட்டு முதல் வரிசையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க பசிலியா" என்று கிராசியெலா சிரித்தாள். பெயர் சொல்லாவிட்டால் போதும் என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை உதவி நர்சுக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே ஓரகத்தி பிள்ளை பெற்றாள் என்று அவளுக்கு யார் சொல்வது.

பசிலியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி எழுந்து, உபகாரமாக, முழுவதையும் அய்மாராவில் சொன்னாள்.

கூட்டம் முடிந்ததும் நெமெசியா எழுந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

"அது யாரோடது?"

"ஒரு சபைக்காரப் பொண்ணோடது."

"எந்த ஊரு?"

"உப்பளத்துப் பக்கம். பேரு தெரியாது அத்தை."

"எம் மருமவளோடது?"

"சூளைல எரிஞ்சுபோச்சு."

"எரிஞ்சுபோச்சு" என்றாள் கிழவி. கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்தாள். "கிழங்கு மிதிக்க ஆள் காணாது. மிதிச்சு முடிச்சதும் நீ உங்கம்மை வீட்டுக்குப் போயிரு."

பசிலியாவின் அம்மா செத்து வெகுநாள் ஆகிவிட்டது என்பது நெமெசியாவுக்குத் தெரியும்.

சிப்ரியானோ கடப்பாரை எடுத்து வீட்டு மூலையைத் தோண்டினான். நூல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, மற்றதெல்லாம் மண்ணோடு மண். அந்த மண்ணைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டில் போட்டுவிட்டு வந்தான். எவரிஸ்டாதான் அப்படிச் செய்யச் சொன்னாள். அவள் வாய் திறந்து ஒரு காரியம் சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

உறைபனி விழ ஆரம்பித்தது. கிழங்கைப் பொட்டலில் பரப்பிவிட்டால் ராத்திரிப் பனியில் கல்லாக இறுகும், காலை வெயிலில் இளகும். அப்போது வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயப்போட்டால் வருஷக்கணக்கில் கெடாது. மிதிக்கிறவர்களின் பாதம் முதலில் எரியும், பிறகு அங்கே பாதம் இருப்பதே தெரியாது. பசிலியா வேலைக்குப் போகுமுன் ஒரு பாட்டம், வந்து ஒரு பாட்டம் மிதித்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவள் தட்டை வாசற்படிக்கு வெளியே வைத்தார்கள்.

எவரிஸ்டா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டுதான் மிதித்தாள். ஒருநாள் அந்தக் கம்பளிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. மறுநாள் இருமலோடு ஒரு முனகல். பசிலியா கிட்டே போனாள்.

"பிள்ளைய அவுத்துக் காட்டு எவரிஸ்டா. மூச்சு சரியில்ல."

"தொடாதீங்கக்கா."

"நான் தொடல. ஆஸ்பத்திரிக்கி எடுத்துட்டுப் போ. வேற ஆளுட்ட காட்டு. நான் அந்தப் பக்கமே வரல."

நெமெசியா மிதிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு? இன்னும் எரிக்கதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"அத்தை, சளி நெஞ்சுல இறங்கியிருக்கு. மருந்து குடுத்தாக் கேக்கும்."

"எவ பிள்ளைக்கோ எங்க வீட்டுல காவல் கெடந்திருக்கு. எங்க பிள்ளைக்குச் சாம்பல். உன் மருந்து அதுல என்னத்தக் கிழிக்கும்?"

மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போனது, மூக்கு விரிந்தது. அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே பசிலியா அதைப் பார்த்தாள். சிப்ரியானோவின் காலில் விழுந்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அப்போதுதான் பசிலியா அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"அது உங்களோடதுதான்."

"எது?"

"நஞ்சுக்கொடி. எவரிஸ்டாவோடதுதான் நான் தந்தது. கூட்டத்துல எல்லாரும் ஆளுக்கொரு கதை சொன்னாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. பெரிய இதுவா இருக்கட்டுமேன்னு இட்டுக்கட்டிச் சொன்னேன்."

"அன்னைக்கு நான் கேக்கும்போது எரிஞ்சுபோச்சுன்னு சொன்னியே."

"ஊரு முழுக்கத் தெரிஞ்ச பொறவு பொய்னு சொன்னா நம்புவீகளா?"

நெமெசியா சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு எழுந்து வெளியே போய் ஒரு பிடி மண் அள்ளிவந்தாள். "தின்னு சத்தியமாச் சொல்லு. ரெமிஹியோவ மூடியிருக்கதும் இதே மண்ணுதான்."

பசிலியா மண்ணை வாயில் போட்டு விழுங்கினாள். "எவரிஸ்டாவோடதுதான்" என்றாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. கூடவே தன் அறையும் நிலமும் நினைவுக்கு வந்தனவா என்றால், வந்தன. பொய் சொல்வானேன்.

கிழவியின் முகம் இருண்டது. "அப்பம் நம்மளோடத நம்மளே தோண்டித் தெருவுல போட்டுருக்கமே. அதான் பிள்ளை இப்பிடிக் கெடக்கு."

பசிலியா இதை யோசிக்கவில்லை. "அத்தை, மொதல்ல ஆஸ்பத்திரி. மண்ண நான் கொண்டாறேன்."

"மொதல்ல மண்ணு. அது திரும்ப எடத்துக்கு வராம பிள்ளைய வாசல் தாண்ட விட மாட்டேன். லே சிப்ரியானோ, போலே."

அவன் சைக்கிளில் போனான். எதிர்காற்று. சாக்கை ஃபுல்ஹென்சியோ சூளைப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தான், நல்லவேளை கொட்டவில்லை. சிப்ரியானோ திரும்பிவர மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு மண்ணுக்குக் கோக்கா, கொழுப்பு, சாராயம் என்று படையல், மன்னிப்புக் கேட்டுப் பிரார்த்தனை. ஒவ்வொன்றும் முறையாக நடக்க வேண்டும் என்றாள் நெமெசியா. பசிலியா சுவரோரம் நின்று பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள், ஒரு கட்டத்தில் எண்ண முடியவில்லை.

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. பிள்ளையின் உதடு நீலம். டாக்டர் மொந்தெரோ ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். "காலையில வந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாம். ஏம்மா இவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?" என்று எவரிஸ்டாவின் முகத்துக்கு நேரே கேட்டார். உள்ளதைத்தான் கேட்டார்.

விடிந்ததும் அனிசேத்தோ செத்துப்போனது.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு நெமெசியா பசிலியாவின் தட்டை உள்ளே எடுத்துவைத்தாள். "ஒங்கிட்டக் குத்தம் இல்ல. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம். ஒன் ரூமுல நீ இரு" என்றாள். அந்தக் கிழவி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பசிலியா அடுப்படியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எவரிஸ்டாதான் சாப்பிடவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, பிழிந்துவிடவும் ஒப்பவில்லை. இரண்டு தடவை ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். இரண்டாம் தடவை இடுப்பளவு தண்ணீரிலிருந்து சிப்ரியானோ இழுத்துவந்தான். அதற்குப் பிறகு அவளைத் தனியே விடவில்லை. சூப்பை வாயில் ஊற்றினால் வழியவிட்டாள். கன்னம் ஒட்டிவிட்டது.

ஒரு மத்தியானம், எல்லாரும் அடுப்பைச் சுற்றி இருந்தபோது, அவளாகப் பேசினாள்.

"யக்கா, அது என்னோடதுதான?"

"மண்ணத் தின்னு சொன்னேன்லா."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்." சற்று நேரம் கழித்து, "அப்பம் நாந்தான் கொன்னுருக்கேன்" என்றாள். அழவில்லை. "தோண்டிப் போடச் சொன்னது நான். நெஞ்சு இழுக்க இழுக்கப் பாத்துக்கிட்டு மூணு நாளு முதுவுலயே வெச்சிருந்தேன். நீங்க கேட்டீக. நான் குடுக்கல."

"வாய மூடுட்டி" என்றாள் நெமெசியா, கோபமில்லாமல்.

"தண்ணிக்குள்ள போனாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்க்கா. இவுக எத்தன நாளைக்குக் காவலிருப்பாக?"

பசிலியா அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். சலைன் ஊசி குத்தின தழும்பு இன்னும் இருந்தது. இந்த உயிருக்காகத்தான் அன்றைக்கு அத்தனையும். வெளியே பொட்டலில் காற்று சுழற்றி அடித்தது. இந்த வீட்டை விட்டால் போக்கிடம் என்று பசிலியாவுக்கு ஆஸ்பத்திரிப் பின்கட்டைத் தவிர வேறு இல்லை. இந்த வட்டமாக நாற்காலி போட்டு யோசிக்கிறவர்கள் இங்கே வந்து இந்த அடுப்படியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பசிலியா யோசிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"உன்னோடது இல்ல எவரிஸ்டா. பொய்ச் சத்தியம் பண்ணினேன். உன்னோடது அன்னைக்கே சூளைல எரிஞ்சுபோச்சு. எங்கையாலதான் பைல போட்டேன். நீ தோண்டிப் போட்டது எவளோடதோ."

சிப்ரியானோ பாதி எழுந்தான். நெமெசியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணத் தின்னீகளே" என்றாள் எவரிஸ்டா.

"தின்னேன்."

"அந்த மண்ணுக்குக் காத்துக் கெடந்துதான பிள்ளைக்கு நேரம் போச்சு."

"ஆமா."

"அப்பம் நான் இல்ல."

"நீ இல்ல. நாந்தான்."

எவரிஸ்டா அவளைப் பார்த்தபடி இருந்தாள். அத்தனை நாளும் செத்துக் கிடந்த அந்தக் கண்ணுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள், பிரசவம் முடிந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி மூச்சு விடவில்லை. பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, இவள வெளிய போவச் சொல்லுங்க. எனக்குப் பசிக்கி."

நெமெசியா அகப்பையை எடுத்து, பசிலியாவின் தட்டில் இருந்ததைச் சட்டியில் திருப்பிக் கொட்டி, கலக்கி, எவரிஸ்டாவுக்கு ஊற்றினாள்.